மேட்ச் ஓடும்போது மட்டும் குறைகிற வலி பொய்யா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 61 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்னால் பிரஷர் ஏறி, மூளையில் வலது பக்கம் தாலமஸ் என்ற இடத்தில் ரத்தம் கசிந்து, இடது கை கால் விழுந்துவிட்டது. பிஸியோதெரபி செய்து இப்போது தானாக நடக்கிறார். ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்து இடது பக்கம் முழுக்க எரிகிறது, உள்ளே குடைகிறது என்கிறார். ஃபேன் காற்று பட்டாலும் சட்டை உரசினாலும் தாங்கமாட்டேன் என்கிறார். இரவில் பிரிகாபலின் 75 சாப்பிடுகிறார். அது போதாமல் மெடிக்கலில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுக்கிறேன். "கையில ஒண்ணும் இல்ல, வலி மூளையிலேருந்து வருது" என்று நரம்பு டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து என் மகன், "எல்லாம் மனசுதான்ப்பா, நீங்களா நெனச்சுக்கிறீங்க" என்று ஆரம்பித்துவிட்டான். அவன் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது. கிரிக்கெட் மேட்ச் ஓடினால் இவர் வலியைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேத்தி வந்தாலும் அப்படித்தான். இரவில் படுத்தாலோ, வீட்டில் யாராவது சத்தம் போட்டாலோ துடித்துப்போகிறார். இது நிஜ வலியா, நடிப்பா? தலையில் காந்தம் வைத்து வைத்தியம் பண்ணுகிறார்களாமே, அது கேட்குமா? ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், போடலாமா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகனுக்கான பதில். அப்பா நடிக்கவில்லை. அவருக்கு வந்திருப்பது பக்கவாதத்துக்குப் பின் வரும் மைய நரம்பு வலி. தாலமஸில் அடிபட்டு வருவதை, தாலமிக் பெயின் என்றே பழைய டாக்டர்கள் சொல்வார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இது வருகிறது. ஸ்ட்ரோக் வந்த அன்றே பெரும்பாலும் வராது. சில வாரமோ சில மாதமோ கழித்து, கை கால் தேறி வருகிற நேரத்தில் தலைகாட்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றாவது மாதம், எரிச்சல், காற்றும் துணியும் ஆகாமல் போவது, எல்லாம் அப்படியே பொருந்துகிறது.

உங்கள் டாக்டர் சொன்னதும் சரிதான். ஓ.பி. நெரிசலில் பாதி சொல்லி விட்டிருக்கிறார், அவ்வளவுதான். மூளையிலிருந்து வருகிறது என்றால் கற்பனையிலிருந்து வருகிறது என்று அர்த்தமில்லை. ரத்தம் கசிந்து தழும்பாகிப்போன ஓர் இடத்திலிருந்து வருகிறது. ஸ்கேன் படத்தில் அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மகனையும் கூட்டிப் போய், பரிசோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இடது கை விரல்களில் ஒன்றைப் பஞ்சால் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார்கள். இந்த வலி உள்ளவர்கள் பல பேருக்கு அது தெரியாது. அப்புறம் சில்லென்றிருக்கும் ஓர் உலோகத்தை முன்கையில் வைப்பார்கள். சூடா, குளிரா என்றால் சொல்லத் தெரியாது. ஆனால் இரண்டு மூன்று விநாடி கழித்து முகம் சுளிக்கும், கையைப் பின்னால் இழுப்பார், எரிச்சல் தோள்பட்டை வரை ஏறும். உலோகத்தை எடுத்த பிறகும் அது உடனே அடங்காது. உணர்ச்சி செத்த இடத்தில்தான் வலி அதிகம். நடிக்கிற ஒருவருக்கு இப்படி நடிக்க வேண்டும் என்றே தோன்றாது. எங்கே வலிக்கிறதோ அங்கே தொட்டதும் நன்றாகத் தெரிவதாகத்தான் நடிப்பார்.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி. வலி நிஜம் என்றால் மேட்ச் பார்த்தால் ஏன் குறைகிறது? உண்மையில் இந்த ஏற்ற இறக்கத்துக்குள்தான் நோயின் சூட்சுமமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாலமஸ் என்பது மூளையின் நட்டநடுவில், வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்றாக, சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும் ஒரு ஜோடி. தொடுதல், சூடு, குளிர், வலி, பார்வை, காதில் கேட்பது எல்லாம் இங்கே வந்துதான் மேலே போகின்றன. வாசனை மட்டும் வேறு வழியில் போகும். இடது பக்க உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்தில் எதிர்ப்பக்கம் தாண்டி, வலது தாலமஸின் பின்பக்க வெளிப்பகுதிக்கு வருகிறது. அங்கிருந்து மூளைப் புறணிக்கு ஏறுகிறது. புறணி என்பது மூளையின் மேல் மடிப்பு மடிப்பாகத் தெரியும் சாம்பல் நிறப் படலம். ரிப்போர்ட்டில் கார்டெக்ஸ் என்று போட்டிருப்பார்கள். 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம்தான், அதற்குள் ஆறு அடுக்கு.

பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள்: கீழிருந்து செய்தி வரும், தாலமஸ் வாங்கி மேலே அனுப்பும், புறணி உணரும். சொல்லாமல் விட்டது எதிர்த்திசை. புறணியிலிருந்து தாலமஸுக்குக் கீழே இறங்கி வரும் நரம்பு இழைகள், தாலமஸிலிருந்து மேலே போகும் இழைகளைவிடப் பல மடங்கு அதிகம். பத்து மடங்கு வரை இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பார்வைக்கான தாலமஸ் பகுதியில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் நரம்பு இணைப்புகளில் கண்ணிலிருந்து நேரே வருபவை நூற்றுக்குப் பத்தைத் தாண்டவில்லை. மிச்சத்தில் பெரும்பங்கு புறணியிலிருந்தும், மூளைத்தண்டிலிருந்தும், தாலமஸின் சொந்த அடக்கும் செல்களிலிருந்தும் வருகிறது.

காவிரிப் பாசனத்தில் இருக்கிற உங்களுக்கு மதகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வருவது மேலேயிருந்து. ஆனால் பலகையை எவ்வளவு தூக்குவது என்பது கீழே வயலில் நடவா, களையெடுப்பா, அறுப்பா என்பதைப் பொறுத்தது. வயல்காரர் வந்து சொல்கிறபடி மதகு திறக்கும், மூடும். தாலமஸ் அப்படி ஒரு மதகு. எவ்வளவு திறக்கலாம் என்று நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருப்பது புறணி.

இதை எப்படிச் செய்கிறது? புறணியின் ஆறாவது அடுக்கு, அதாவது அடியில் இருக்கும் அடுக்கு, இந்த வேலைக்கென்றே இருப்பதுபோல் தாலமஸுக்கு இழைகளை அனுப்புகிறது. ஒரு கிளை தாலமஸ் செல்லை நேரே தொட்டு உசுப்புகிறது. இன்னொரு கிளை, தாலமஸின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய செல் அடுக்கில் போய்ச் சேர்கிறது. அந்த அடுக்கில் இருப்பவை அடக்கும் செல்கள். காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து தாலமஸை அமுக்கும். ஆக, ஒரே புறணி ஒரு கையால் உசுப்பவும் மறு கையால் அமுக்கவும் செய்கிறது. எது ஓங்குகிறது என்பது நேரத்தையும் சூழ்நிலையையும் பொறுத்தது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், பிற்காலத்தில் மூளை ஆராய்ச்சிக்குத் திரும்பியபோது இந்த மெல்லிய அடுக்கைத்தான் பிடித்துக்கொண்டார். நம் கவனம் எதன்மேல் விழுகிறது என்பதை இதுதான் நடத்துகிறது என்று 1984-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர் சொன்ன வடிவத்திலேயே இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் கவனத்துக்கும் இந்த அடுக்குக்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

இந்தப் பேச்சுவார்த்தையை உயிருள்ள மூளையில் நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. தொடுதலையும் வலியையும் உணர்கிற உணர்வுப் புறணியின் செல்களை ஒளியால் இயக்கக்கூடியவையாக மாற்றி, ஒவ்வோர் அடுக்காகத் தூண்டினார்கள். தாலமஸுக்கு இறங்கும் ஆறாம் அடுக்குச் செல்களை இயக்கியபோது, லேசாகத் தொட்டாலே எலி காலை உதறியது, வலி வந்தது போல் நடந்துகொண்டது. ஐந்தாம் அடுக்கை இயக்கியபோது நேர்மாறு, வலிக்குரிய நடத்தை குறைந்தது. பாதத்தில் காயம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலிருந்து வந்த சமிக்ஞை மாறியது, வலி மாறியது. எலியின் மேல் யாரும் நடிப்பு என்று குற்றம் சாட்ட முடியாதல்லவா?

மனிதரிடமும் இந்த யோசனை புதிதல்ல. ஜூல் தெஜெரின், குஸ்தாவ் ரூசி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1906-ல் இந்த நோயை முழுமையாக விவரித்தார்கள். 1911-ல் லண்டனில் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். தாலமஸில் அடிபட்ட நோயாளிகளைப் பல மாதம் பரிசோதித்து, புறணியிலிருந்து தாலமஸைக் கட்டுப்படுத்த வரும் பாதை அறுந்துபோனதால்தான் தாலமஸ் கட்டுமீறி நடந்துகொள்கிறது என்று எழுதினார்கள். அவர்கள் குறித்து வைத்த ஒரு நோயாளியை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அந்த மனிதரால் தேவாலயத்துக்குப் போக முடியவில்லை. காரணம், பாடல் பாடும்போது பாதிக்கப்பட்ட பக்கத்தில் அதைத் தாங்க முடியவில்லை. பாட்டு நடக்கிற நேரம் முழுக்க அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்ததை அவருடைய மகன் கவனித்திருக்கிறார். காதில் விழுகிற பாட்டு எப்படிக் கையில் வலிக்கும்? உணர்ச்சி பொங்கும்போது மூளையிலிருந்து இறங்குகிற அலை அடிபட்ட தாலமஸில் போய் மோதும், அது வலியாக வெளிவரும். உங்கள் வீட்டில் யாராவது சத்தம் போட்டதும் உங்கள் கணவர் துடிப்பதும் இதே வழியில்தான்.

நூறு வருடத்துக்கு முன்னால் சொன்னது அப்படியே நிற்கிறதா என்றால், பாதி நிற்கிறது. வெறும் கட்டுப்பாடு போனது மட்டுமல்ல, தாலமஸ் செல்களின் நடத்தையே மாறுகிறது என்பது பின்னால் தெரிந்தது. நல்ல விழிப்பில் இருக்கும்போது இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக, வந்த செய்திக்கு ஏற்ப மின்துடிப்புகளை அனுப்பும். உள்ளே வரும் தூண்டுதல் குறைந்து செல்லின் மின்னழுத்தம் தாழ்ந்துபோனால், கொத்துக்கொத்தாக வெடிக்க ஆரம்பிக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் இது இயல்பு. விழித்திருக்கிறவருக்கு, செய்தி எதுவும் வராமலே செல்கள் வெடித்தால், புறணி அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? எரிச்சல் என்றோ குடைச்சல் என்றோ எடுத்துக்கொள்ளலாம். அறுவைசிகிச்சையின்போது மைய நரம்பு வலி உள்ளவர்களின் தாலமஸில் மின்முனை வைத்துப் பார்த்தபோது இப்படிப்பட்ட வெடிப்புகளைக் கண்டார்கள். ஆனால் வலியே இல்லாத, வேறு நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடமும் அது தென்பட்டிருக்கிறது. ஆகவே வெடிப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தாலமஸும் புறணியும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்கிற சுற்று குலைந்திருக்கிறது, அதுதான் நோய் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்போது மேட்சுக்கு வருவோம். கடைசி ஓவரில் பன்னிரண்டு ரன் வேண்டும் என்கிறபோது அவருடைய புறணியின் கவனம் முழுக்கத் திரையில் இருக்கிறது. தாலமஸின் பார்வைப் பகுதி திறக்கிறது, உடம்புப் பகுதிக்கு வரும் கட்டளை மாறுகிறது. இது போதாதென்று, புறணியின் முன்பகுதியிலிருந்து மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடம் வரை இறங்கும் இன்னொரு பாதையும் வலியைக் கீழேயே அமுக்குகிறது. இரவில் விளக்கை அணைத்தால் கவனத்துக்கு வேறு வேலை இல்லை. உடம்பு ஒன்றுதான் மிச்சம். வலி குறைகிற நேரம் பொய் என்றால் கூடுகிற நேரமும் பொய்யாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சுற்றின் இரண்டு நிலை.

இங்கே ஒரு விபரீதமும் உண்டு. இதைப் படித்துவிட்டு உங்கள் மகன், "அப்ப மனச வேற பக்கம் திருப்பினா போச்சே, ஏன் இவ்ளோ அலட்டிக்கணும்?" என்று கேட்கலாம். முடியாது. புறணி தாலமஸுக்கு அனுப்புகிற கட்டளை நாம் நினைத்துப் போடுகிற உத்தரவு அல்ல. கண்மணி சுருங்குவது எப்படி நம் கையில் இல்லையோ, அப்படித்தான். அதிலும் உங்கள் கணவருக்கு அடிபட்டிருப்பது அந்தக் கட்டளை வந்து சேர்கிற இடத்திலேயே. மேட்சில் குறைவது அவருடைய மூளையில் சுற்று முழுதாக அறுந்துபோகவில்லை, கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று காட்டுகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், சந்தேகப்பட வேண்டியது அல்ல.

வீட்டில் பேசுகிற பேச்சுக்கும் இதில் பங்குண்டு என்று நான் சொல்வது உபதேசத்துக்காக அல்ல. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆட்களின் காலில் சூட்டு வலி கொடுத்து, ரத்தக்குழாய் வழியாக வீரியமான வலி மருந்தை ஒரே அளவில் ஏற்றினார்கள். மருந்து ஓடுகிறது என்று சொன்னபோது கிடைத்த நிவாரணம், சொல்லாமல் கொடுத்தபோது கிடைத்ததைப்போல் இரண்டு மடங்கு. மருந்தை நிறுத்திவிட்டோம், வலி கூடலாம் என்று சொன்னபோது, மருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தும் நிவாரணம் இல்லாமலே போனது. ஸ்கேனில் வலிக்குரிய மூளைப் பகுதிகளின் செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. பக்கவாத நோயாளிகளிடம் செய்த ஆய்வு இல்லை இது. ஆனாலும் "நடிக்கிறீங்க" என்ற வார்த்தை ஒரு மாத்திரையின் பலனைத் தின்றுவிடக்கூடும் என்று நம்ப எனக்கு இது போதும்.

சரி, வைத்தியம். முதலில் டைக்ளோபெனாக். இன்றிரவோடு நிறுத்திவிடுங்கள். அது வீக்கத்தால் வருகிற வலிக்கான மருந்து. இந்த வலியில் வீக்கம் இல்லை, அதனால் பலனும் இல்லை. ஆனால் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். பிரஷரால் மூளையில் ரத்தம் கசிந்த ஒருவருக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாத மாத்திரை அது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பக்கவாதத்துக்குப் பிறகு தோள்மூட்டு இறுகி அல்லது இறங்கி வலிப்பது தனி. எரிச்சலோடு தோளைத் தூக்கினால் குத்துகிற வலியும் இருந்தால் அதைப் பிரித்துச் சொல்லுங்கள். அதற்கு பிஸியோவிலேயே நல்ல வழி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, சரியாகக்கூடியதும் சரியாகாமல் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிரிகாபலின் 75 என்பது ஆரம்ப அளவு. கூட்டலாம். ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, பகலில் தூக்கம் சொக்குகிறதா, கால் வீங்குகிறதா என்று கவனித்துத்தான் கூட்ட வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், இந்த வகை வலியில் பிரிகாபலின் பெரிய வீரன் இல்லை. 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வலியின் அளவைக் குறைப்பதில் அது வெற்று மாத்திரையை ஜெயிக்கவில்லை. தூக்கமும் பதற்றமும் மட்டும் தேறின. அமிட்ரிப்டிலின், லமோட்ரிஜின் இரண்டுக்கும் பலன் காட்டிய ஆய்வுகள் உண்டு, சிறியவைதான். அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் சிறுநீர் அடைக்கும். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் ஆகாது, ஆகவே முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற முடியும். அவசரப்பட்டால் தோலில் ஆபத்தான கொப்புளம் வரக்கூடும். உடம்பில் தடிப்பு ஏதாவது தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்த மருந்தானாலும் வலி முழுதாக மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்துக்கு எட்டாக இருந்தது ஐந்தாகக் குறைந்து, இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினார் என்றால் அது வெற்றி.

காந்த வைத்தியம் பற்றிக் கேட்டீர்கள். இதற்குப் பின்னால் சுவையான கதை இருக்கிறது. ஜப்பானில் த்சுபோகவா என்ற நரம்பியல் அறுவை நிபுணரின் குழு, தாலமஸ் வலி உள்ளவர்களின் மூளை உறைக்கு மேல் மின்முனை வைத்துப் புறணியைத் தூண்டிப் பார்த்தது. உணர்வுப் புறணியில் வைத்தால்தானே வலி குறைய வேண்டும்? குறையவில்லை, சிலருக்குக் கூடியது. அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும், கை காலை அசைக்கிற இயக்கப் புறணியில் வைத்தபோது குறைந்தது. 1991-ல் இதை வெளியிட்டார்கள். உணர்ச்சிப் பாதையை அறுத்த பூனைகளில், தாலமஸ் செல்களின் தாறுமாறான வெடிப்பு இயக்கப் புறணியைத் தூண்டியதும் அடங்கியதை அதே குழு முன்பே பார்த்திருந்தது. பின்னர் பிரான்சில் ரத்த ஓட்டத்தைப் படம் பிடித்தபோது, மேலே புறணியில் தூண்டினால் கீழே அதே பக்கத்துத் தாலமஸில் ரத்த ஓட்டம் கூடுவது தெரிந்தது. அதாவது புறணியிலிருந்து தாலமஸுக்கு இறங்குகிற பாதையையே மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள்.

மண்டையைத் திறக்காமல் இதையே வெளியிலிருந்து செய்வதுதான் காந்தத் தூண்டல். டி.எம்.எஸ். என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, காந்தச் சுருளைத் தலையோடு ஒட்டிப் பிடிப்பார்கள். டக் டக்கென்று சத்தம் வரும், தலையில் தட்டுவது போலிருக்கும். மயக்க மருந்து தேவையில்லை. உங்கள் கணவருக்கென்றால், வலது பக்கத்தில் இடது கையை அசைக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, விநாடிக்குப் பத்துத் துடிப்பு போன்ற வேகத்தில் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் தினமும், பலன் தெரிந்தால் அப்புறம் இடைவெளி விட்டு. நரம்பு வலிக்கு இந்த முறையை ஐரோப்பிய நிபுணர் குழு மிக உயர்ந்த ஆதாரப் படியில் வைத்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கும் நிறுத்தினால் சில வாரத்தில் தேய்ந்துபோகும். கை காலில் பலம் மிஞ்சியிருப்பவர்களுக்குப் பலன் கூடுதல் என்பது மின்முனை வைத்த காலத்து அனுபவம். அந்த வகையில் நடமாடுகிற உங்கள் கணவருக்கு முயற்சி செய்து பார்க்க நியாயம் இருக்கிறது. வலிப்பு வந்ததுண்டா, தலையில் கிளிப் எதுவும் வைத்திருக்கிறதா, பேஸ்மேக்கர் உண்டா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த மெஷின் பெரும்பாலும் மனநலப் பிரிவில், மனச்சோர்வுக்காக இருக்கும். அங்கே அனுப்பினால் "பைத்தியம்னு நெனச்சுட்டாங்க" என்று அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. வலிக்காக இயக்கப் புறணியில் கொடுத்த அனுபவம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்குத் தூண்டும் இடம் வேறு.

வீட்டில் செய்யக்கூடியவை சில. ஃபேனை அவர் மேல் நேரே படாமல் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். உரசுகிற துணியைவிட, நன்றாகத் துவைத்து மெத்தென்றான முழுக்கைச் சட்டை உடம்போடு ஒட்டி இருப்பது பல பேருக்கு இதமாக இருக்கிறது. குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர். ஆனால் சூட்டை அவர் வலது கையால் பார்க்கட்டும், அல்லது நீங்கள் பாருங்கள். இடது கைக்குச் சூடு தெரியாது. எரிகிறதே என்று வெந்நீர்ப் பை வைத்து, தோல் வெந்து கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. வலிக்கிறது என்று இடது கையை மடியில் மூட்டை கட்டி வைக்கவும் விடாதீர்கள். தேங்காய் துருவும்போது கிண்ணத்தைப் பிடிக்கவாவது அந்தக் கைக்கு வேலை கொடுங்கள். பயன்படுத்தாத கையின் வலி கூடுவதே வழக்கம். இரவில் ரேடியோவோ போனில் பழைய மேட்ச் வர்ணனையோ மெல்ல ஓடட்டும், தப்பில்லை. மேட்ச் பார்த்துக் குறைந்தால் அது மருந்துக்குப் பதில் அல்ல, மருந்தோடு சேர்த்து. ஆனால் நாளுக்கு நாள் பேச்சு குறைந்து, மேட்சிலும் பேத்தியிடமும்கூடப் பிடிப்பு விட்டுப்போனால் அது மனச்சோர்வு. இந்த நோயில் அது சகஜம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு, அது சரியானால் வலியும் இறங்கக்கூடும்.

பிரஷர் 130-க்கு 80-க்குக் கீழே இருக்க வேண்டும். வலி மாத்திரையைவிட முக்கியம் பிரஷர் மாத்திரை. திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை புதிதாகத் துவளுதல் இதில் எது வந்தாலும் "வழக்கமான வலிதான்" என்று உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஸ்டெம் செல் ஊசி. வேண்டாம். 2017-ல் வந்த இந்திய வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது போன்றவை தவிர, மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல்லை முறைப்படி பதிவு செய்த ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம். வணிகமாக விற்கக் கூடாது. உண்மையான ஆய்வு என்றால் உங்களிடம் கட்டணம் வாங்கமாட்டார்கள், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். லட்சம் கேட்டு, தவணை வசதியும் உண்டு என்கிறார்கள் என்றால் அந்த நோட்டீஸை உங்கள் நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.